தெருக்குத்து வீட்டுப் பெரியம்மா

தெருக்குத்து வீட்டைக் கண்டு என் அம்மா உண்மையிலேயே பயந்தாரா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அம்மா இருக்கிறார், தினமும் போனில் பேசுகிறோம், கேட்டுவிடலாம். ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். அவர் சொன்ன பாதிப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று புரியாமல் இருக்கிறேன். அதனால் அம்மாவுக்குப் பதிலாக அந்த வீட்டில் போய் வாழ்ந்த பெரியம்மாவைப் பற்றி எழுதுகிறேன். எழுதினால் எனக்கே ஏதாவது தெளியலாம். தெளியாமலும் போகலாம்.

பெரியம்மா எங்களுக்கு உறவு இல்லை. சிரம்பானுக்கு வெளியே ஒரு பால்மரத் தோட்டத்தில் அம்மாவும் அவரும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், இருந்தவர்கள். அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் பெரியம்மா ஆனார். அவருடைய ஒரே மகன் எனக்கு அண்ணன். தோட்டத்தின் ஒரு பகுதியை விற்று, ஓரமாக வரிசை வீடுகள் கட்டி, தொழிலாளர்களுக்கே சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தார்கள். எங்களுடையது வரிசையின் கடைசி வீடு. பெரியம்மாவுடையது நடுவீடு. பெரிய சாலையிலிருந்து உள்ளே வரும் தெரு நேராக அந்த வீட்டின் வாசலில் வந்துதான் முடியும். இப்படித் தெரு வந்து முட்டும் வீட்டைத் தெருக்குத்து வீடு என்பார்கள். அதில் குடியிருந்தால் ஆகாது என்றும் சொல்வார்கள்.

பெரியம்மா ஆள் குள்ளம். வீட்டில் கைலியும், அண்ணன் பள்ளியில் போட்டுக் கழித்த விளையாட்டுச் சட்டையும்தான் உடை. அந்தச் சட்டையின் முதுகில் எட்டு என்று ஓர் எண் இருக்கும். அவர் நிற்கிற இடத்தில் ஏதாவது ஒன்று கை மாறிக்கொண்டே இருக்கும். "மாத்திக்குவமா?" என்பார். மற்றவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று பேச்சைத் தொடங்குவதுபோல அவர் இதில்தான் தொடங்குவார்.

சிரம்பான் பாசாரில் மீன் வாங்கித் திரும்புவோம். பஸ்ஸில் ஏறியதும், "உனக்குத் தலை இருக்கிற பக்கம் வந்துருச்சா? எங்க வீட்டுல தலைதான் திம்பாங்க. மாத்திக்குவமா?" என்று அம்மாவின் பையைத் திறந்துவிடுவார். அம்மா சம்மதம் சொல்வதற்குள் மீன் மாறியிருக்கும். ஜன்னலோர இடத்தை மாற்றுவார், குடையை மாற்றுவார். ஊறுகாய்ப் போத்தல் போய் அப்பளக் கட்டாக வரும். ஒருமுறை அவர் பிறந்த ஊரான கெமாசுக்கு அவருடன் ரயிலில் போனோம். கைக்குழந்தைக்காரி ஒருத்தியை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைக்க வேண்டும் என்று கிளம்பி, ஒருவரை எழுப்பி, அவருக்காக இன்னொருவரை எழுப்பி, கடைசியில் அந்தப் பெட்டியில் பாதிப் பேர் இடம் மாறிவிட்டார்கள். டிக்கெட் பார்க்க வந்தவர் எண்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பெரியம்மா மலாயில் அவரிடம், எல்லாரும் ஏறியாச்சு, எல்லாரும் இறங்கிடுவோம், நடுவில் யார் எங்கே இருந்தால் என்ன என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அங்கே ஷிப்ட் மாற்றினார். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்குக் காய்ச்சல், கோயிலில் பூச்சொரிதல் என்று யார் வந்து நின்றாலும் மாற்றிக்கொடுப்பார். அவருக்கும் வேண்டும்போது யாரையாவது மாற்றிவிடுவார். "அந்தம்மா எந்த ஷிப்ட்டுன்னு அந்தம்மாவுக்கே தெரியாது லா" என்று சூப்பர்வைசர் புலம்புவாராம். இதை அவரே நடித்துக் காட்டிச் சிரிப்பார்.

எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது. பாலர் பள்ளி ஆண்டு விழாவில் நான் வண்ணத்துப்பூச்சி. அம்மா இரண்டு வாரம் உட்கார்ந்து சிறகு தைத்திருந்தார். மரமாக நிற்க வேண்டிய பெண் மேடைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "நீ நல்லா அசையாம நிப்பே, தெரியுமா? அவளால நிக்க முடியாது, பறக்கத்தான் தெரியும். மாத்திக்குவமா?" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். பச்சைச் சாக்கைப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றேன். என் சிறகை மாட்டிக்கொண்டு அவள் என்னைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையில் அம்மா பெரியம்மாவிடம் ஒருநாள் பேசவில்லை. அவர் மறுநாள் வந்து வாசலில் நின்று, "மாத்துனது மாத்துனதுதான். திரும்ப மாத்துனா நாளைக்கு யாரு எங்கூட மாத்துவா?" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். பதிலுக்கு எங்கள் வீட்டு முருங்கைக் கீரையை ஒடித்துக்கொண்டு போனார்.

வீட்டையும் அவர் அப்படித்தான் மாற்றினார். அந்தக் கதையை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் அது எனக்குப் பிடித்த கதை. அதில் நானும் இருந்தேன், அம்மாவின் வயிற்றில்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் குலுக்கல் நடந்தது. பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். அப்பா எடுத்த சீட்டில் நடுவீடு விழுந்தது. அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. "தெருக்குத்து வீட்டுல புள்ளை பெத்துக்கவா நான்?" என்று கேட்டாராம். பெரியம்மாவுக்கு விழுந்தது ஓரத்து வீடு. அதையும் யாரும் விரும்பவில்லை. பக்கத்தில் சேறும் புதரும், பாம்பு நடமாட்டம், விளக்குக் கம்பம் எட்டாத இருட்டு.

பெரியம்மா சீட்டை ஆட்டிக்கொண்டே வந்தாராம்.

"அழாதே. மாத்திக்குவமா?"

"அக்கா, அது தெருக்குத்துக்கா."

"என்னைத் தெரு குத்திருமா? நான் வேணும்னா தெருவைக் குத்துவேன். அந்த ஓரத்துல உக்காந்தா பாம்பைத்தான் பாக்கணும். இங்க இருந்தா யாரு வர்றா, யாரு போறான்னு பாக்கலாம்."

சாவியை வாங்கும்போது மாற்றி வாங்கிக்கொண்டார்கள். பேப்பரில் இருந்ததை யாரும் மாற்றவில்லை. வீட்டு விலை எல்லாருக்கும் ஒன்று, சம்பளப் பிடிப்பும் ஒன்று. லயத்தில் வீடு மாறிக் குடிபோனால் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதே பழக்கத்தில், இது சொந்த வீடு, இதற்கு எழுத்து வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கதையின் முடிவில் அம்மா தவறாமல் ஒன்று சொல்வார். "அப்பா வாயே தெறக்கல. சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல." அப்பா எதற்கும் கருத்துச் சொல்கிறவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. இப்போது படுகிறது. அவர் அப்போது தோட்டத்து ஆபீசில் கிராணிக்கு உதவியாளாக வேலை பார்த்தார்.

குடிவந்த இரண்டாம் வருடம் பெரியம்மாவின் கணவர் இறந்துபோனார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தாராம். வரிசை முழுவதும் தெருக்குத்து என்று முணுமுணுத்தது. அம்மா காரியத்துக்குப் போய் வந்தபின் பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை என்று அண்ணன் ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். பெரியம்மாதான் எங்கள் வீட்டுக்கு வந்தாராம். "அந்த மனுசனுக்குத் தோட்டத்துலேயே நெஞ்சு வலி இருந்துச்சு. தெரு என்னா பண்ணும் பாவம். நீ ஏன் மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்டு, அம்மாவிடம் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம்.

தெரு அந்த வீட்டைக் குத்தத்தான் செய்தது. திருப்பத்தில் வேகம் குறைக்காத மோட்டார் சைக்கிள்கள் இரண்டு முறை அவர் கேட்டில் வந்து இடித்தன. இரவில் வருகிற ஒவ்வொரு காரின் வெளிச்சமும் அவர் வீட்டுச் சுவரில் ஏறி இறங்கும். அவர் வளைந்த கேட்டை நிமிர்த்தவே இல்லை. "அடுத்தவன் வந்து நிமித்திட்டுப் போவான்" என்பார். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பள்ளி விட்டு வரும் என்னைத்தான் முதலில் பார்ப்பார். என் பையின் கனத்தைப் பார்த்து, "மாத்திக்குவமா?" என்று தன் வெறுங்கையை நீட்டுவார்.

ஓரத்து வீட்டுப் பக்கத்துச் சேறு காலப்போக்கில் காய்ந்தது. அம்மா அங்கே முருங்கை, கறிவேப்பிலை, வாழை வைத்தார். பெரியம்மா கோழிக்கூடு வைத்தார். வரிசையில் எல்லாரும் துணி காயப்போட்டார்கள். அது கம்பெனி நிலம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எல்லாரும் என்றுதான் இதுநாள்வரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாற்றியதைப் பெரியம்மா திருப்பிக் கொடுத்ததை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கள் எதிர் வரிசைக்குத் தெமியாங்கிலிருந்து ஒரு கிறிஸ்துவப் பெண் கல்யாணமாகி வந்திருந்தாள். அவள் பெட்டியில் ஒரு பழைய பட்டுப்புடவை இருந்தது. மடிப்புகளில் நைந்து போனது. பெரியம்மா இரண்டு புது நைலக்ஸ் புடவைகளைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார். கோயில் அம்மனுக்குப் பாவாடை தைக்கலாம் என்று எண்ணம். அந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்துத் தையல்காரர் கத்தரிக்கோலை வைக்கும்முன் கரையைத் தேய்த்துப் பார்த்து, "இது அசல் வெள்ளிச் சரிகைம்மா, வெட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் எங்கள் பக்கத்து நிலத்தில் அம்மாவோடு கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் அங்கேதான் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா சிரம்பானிலிருந்து பஸ் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து, புடவையை அவள் தோளில் போட்டார்.

"இந்தா. இதுல வெள்ளி இருக்காம்."

"மாத்துனது மாத்துனதுதான்னு நீங்கதானே சொல்வீங்க ஆன்ட்டி?"

"ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு மாத்துனாத்தாண்டி அது மாத்துறது. ஒருத்திக்குத் தெரியாமப் போச்சுன்னா அதுக்குப் பேரு வேற."

"என்னா பேரு?"

"போடி" என்றார் பெரியம்மா. நைலக்ஸ் புடவைகளைத் திருப்பி வாங்கவும் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது அம்மா அங்கே இல்லை. கறிவேப்பிலைக் கொத்து தரையில் கிடந்தது. நான் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார். பருப்பு பொங்கியிருக்கலாம். பருப்பு பொங்கியது என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்தேன். இப்போது யோசித்தால் அடுப்பில் பருப்பு இருந்ததா என்பதே நினைவில்லை. எனக்கு வேண்டியபடி நினைவை மாற்றிக்கொள்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது.

பெரியம்மா கடைசியாக சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. அண்ணன் ஒருநாள் பார்க்கப் போனபோது பெரியம்மாவின் கட்டிலில் வேறு யாரோ போர்வையை முகம்வரை இழுத்து மூடிப் படுத்திருந்தார். அண்ணன் அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். நான்கு கட்டில் தள்ளி ஜன்னலோரத்திலிருந்து சத்தம் வந்தது: "டேய்! இங்க இருக்கேன்டா. அந்தம்மாவுக்கு வெளிச்சம் ஆகலையாம், மாத்திக்கிட்டோம்." இரண்டு பேருக்கும் சாப்பாடு மாறி, மருந்தும் மாற இருந்ததைத் தாதி கண்டுபிடித்துத் திட்டியிருக்கிறார். அடுத்த மாதம் அவர் அந்த ஜன்னலோரக் கட்டிலிலேயே போய்விட்டார். நான் அப்போது பிரசவமாகிப் படுத்திருந்தேன். போகவில்லை.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வரிசைக்கு நெடுங்காலம் தனித்தனிக் கெரான் கிடையாது. கெரான் என்றால் நிலத்தின் உரிமைப் பத்திரம். மொத்த நிலத்துக்கும் ஒரே கெரான், அது வீடு கட்டிய கம்பெனியின் பேரில். அதைப் பிரித்து, அளந்து, எல்லைக்கல் நட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, அதை நம் பேருக்கு மாற்றினால்தான் வீட்டை ஒழுங்காக விற்க முடியும். இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு பேங்க் கடன் கிடைப்பது கஷ்டம். தனிக் கெரான் ஒருவழியாக வந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அப்பா இல்லை. படித்தவள் என்று வீட்டில் இருப்பவள் நான்தான்.

விற்க வேண்டிய அவசியமும் இருக்கிறது. அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. நாங்கள் பாரோயில் லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா வந்தால் ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறார். சென்ற முறை பாதியில் விழுந்தார். என் மகள் மேலே இருந்து "பாட்டி, பாட்டி" என்று கத்தினாள். ஓரத்து வீட்டை விற்றால் இங்கேயே தரையோடு தரையாக ஒரு வீடு வாங்கி அம்மாவை வைத்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டார்.

வக்கீல் ஆபீசில் பைல் பார்க்கிற பெண் தமிழ்ப் பெண்தான். பத்திரத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ், நீங்க விக்கிறது கார்னர் லாட்தானே?"

"ஆமா."

"உங்கப்பா பேருல உள்ள கெரான் நடுவீட்டுக்கு லா. கார்னர் லாட் இந்தம்மா பேருல இருக்கு." ஒரு பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து வாசித்தாள். பெரியம்மாவுக்கு அப்படி ஒரு முழுப் பெயர் இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தப்பாப் போட்டுட்டாங்களா?"

"அவங்க தப்பாப் போடல மிஸ். குலுக்கல்ல விழுந்தபடிதான் இருக்கு. நீங்கதான் மாறி உக்காந்திருக்கீங்க."

தீர்த்துவிடலாம் என்று சொன்னாள். வாரிசுகள் பேருக்கு இரண்டு கெரானையும் மாற்றி, பிறகு இரண்டு பக்கமும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, அரசாங்க அனுமதியும் வாங்கினால் வீடுகளைப் பத்திரத்திலும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு உயிர் வந்தது. எழுந்திருக்கும்போது அவள் பிளானைத் திருப்பிக் காட்டினாள்.

"ஆனா அந்தப் பக்கம் சம்மதிப்பாங்களா மிஸ்? கார்னர் லாட்டோட பக்கத்து நெலத்தையும் சேத்து அளந்திருக்காங்க பாருங்க. இன்னொரு வீடே கட்டலாம். வெல ரொம்ப வித்தியாசம்."

முருங்கை, கோழிக்கூடு, துணிக்கொடி எல்லாமே அந்தக் கோட்டுக்குள் இருந்தன.

இரண்டு கெரானும் வாரிசுகள் பேருக்கு வந்தன. நடுவீடு அம்மா பேருக்கு, ஓரத்து வீடு அண்ணன் பேருக்கு. அண்ணனுக்கு அவர் வீட்டுக் கெரான் என்று ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அது எந்த வீட்டுக்கு என்று அவர் பார்க்கவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன், பத்திரம் மாறிக் கிடக்கிறது என்று.

அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறார். மூன்று பிள்ளைகள். கூரை ஒழுகுகிறது என்று நடுக்கூடத்தில் வாளி வைத்திருந்தார்கள். கேட் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. அண்ணி என் மகளை வாங்கிக்கொண்டு எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"பாத்தியா, செத்தும் விடல. கெரான்லயும் மாத்தி வச்சிட்டுப் போயிருக்கு!"

"அண்ணே, வக்கீல் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடணும். நீங்க யோசிச்சு…"

"யோசிக்க என்னா இருக்கு தங்கச்சி? அம்மா மாத்துனது மாத்துனதுதான். எந்த நாளுன்னு மட்டும் சொல்லு. வேன் இல்லாத நேரமாப் போடு."

அண்ணி மட்டும், "ரெண்டும் ஒரே மாதிரி வீடுதானே?" என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். என் மகள் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணீரைத் தட்டிவிட்டாள். துடைக்கத் துணி தேடி எல்லாரும் எழுந்தோம். நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அந்தத் தேத்தண்ணீர் சிந்தியபோது மனசுக்குள் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அங்கிருந்து அம்மாவிடம் போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பக்கத்து நெலம் இந்த வீட்டோட சேந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"வக்கீல் ஆபீசுல."

நாலைந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போட்டபின் சொன்னார். "உங்கப்பா சொல்லிக்கிட்டு இருந்தாரு. கிராணி பிளானை மேசையில விரிச்சு வச்சிருந்தாராம். ஓரத்து நெலம் ஓரத்து வீட்டுக்குத்தான் வரும்னு."

"எப்பச் சொன்னாரு? வீடு மாத்துறதுக்கு முன்னயா, பின்னயா?"

"நீ வயித்துல இருந்தே. தெரு நேரா வந்து என் வயித்துல குத்துற மாதிரி கனவு கண்டேன். ரெண்டு புள்ளையைப் பறிகொடுத்தவ நான்."

"நான் அதைக் கேக்கலம்மா."

"எனக்குத் தெரிஞ்சது அதுதான்" என்றார். சட்டியை எடுத்துக்கொண்டு எழ முயன்றார். முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். நின்றபிறகும் என் கையை விடவில்லை. "அவன் எதுவும் கேக்கலைல்ல? நீ ஏன் கெளப்புறே? உம்புள்ளையைப் பாரு" என்றார்.

அம்மா பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பயமும் உண்மையாக இருக்கலாம், நிலம் வரும் என்று தெரிந்ததும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒரே மனுஷிக்குள் ஒரே நாளில் இருக்க முடியும். நானும் ஒரு தாய். பிள்ளைக்காக என்றால் எனக்கு எதுவும் நியாயமாகத் தெரியும் என்று எனக்கே தெரியும். ஆனால் அப்பா அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை?

சில நாட்களில் எனக்கு வேறு மாதிரியும் தோன்றுகிறது. பெரியம்மா ஒருமுறை அந்தக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று இடுப்பில் கைவைத்து, "இங்க காத்து நல்லா வருது. பரவால்ல, நீங்க இருங்க" என்றார். அவருக்கும் தெரிந்திருந்ததோ? தெரிந்தே விட்டாரோ? அப்படி என்றால் நான் பேசாமல் கையெழுத்து வாங்கிவிடலாம். உடனே எனக்கு அந்த வெள்ளிச் சரிகை நினைவுக்கு வந்துவிடுகிறது. காற்று வருகிறது என்றவர் காற்றைத்தான் சொல்லியிருப்பார். அவர் பேச்சில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கணவரிடம் சொன்னேன். "சொன்னா அண்ணன் பங்கு கேப்பாரு, இல்லன்னா மாத்தவே மாட்டாரு. கெரான் அவரு பேருலதான் இருக்கு. அப்புறம் உங்கம்மா அந்த வீட்டுல சும்மா ஒண்டிக்கிட்டு இருக்கிறவங்கதான். யோசிச்சுக்க" என்றார். அவர் சொல்வது சரி. நான் யோசிப்பதுதான் நிற்கவில்லை. நிலத்தைப் பற்றி மட்டும் சொல்லி, அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? நிலத்தைச் சொன்னால் "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று அண்ணி கேட்கமாட்டாரா? கையெழுத்து ஆனபிறகு கூரையைப் போட்டுக் கொடுத்து மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அண்ணன் நேராக வக்கீல் ஆபீசுக்கு வருகிறார். நேற்று போனில், "வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வரவா தங்கச்சி? பெரிய ஆபீசுல்ல" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் தாயாக இருப்பவர்கள் இருப்பீர்கள். வயதான அம்மாவை மாடிப்படியில் உட்கார வைத்து மூச்சு வாங்க விட்டவர்கள் இருப்பீர்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களும் இருப்பீர்கள். வெள்ளிக்கிழமைக்குமுன் அண்ணனிடம் நான் எதைச் சொல்ல வேண்டும்? நிலத்தையா, அப்பாவையும் சேர்த்தா, இல்லை அம்மா சொன்னபடி ஒன்றையும் கிளப்பாமல் இருப்பதா? எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பெரியம்மா இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்ததுமே தன் இடத்திலிருந்து எழுந்திருப்பார். அவர் இல்லை. நீங்களாவது கொஞ்ச நேரம் என் இடத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள்.